பொம்மை டாக்டரம்மா சொன்னபடி

ஆவணி 2, திங்கள்

உ

இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், உலகம்மாள். என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம், ஜவுளிக்கடைக்குக் கிளம்பும் வரை. மகள் வடிவு, ஆறு வயது, நாள் முழுக்க. வீட்டுக்காரரின் அக்கா செண்பகம் மதினி, சங்கரன்கோவிலிலிருந்து வந்தவர், இன்னும் போகவில்லை. வாசலோடு பால்காரர். வேறு ஒருவரும் இல்லை.

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். யார் இருந்தார்கள், வடிவு என்ன செய்தாள், யார் என்ன பேசினார்கள். "நினைச்சதை எழுத வேண்டாம் உலகம்மா. பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்க. இப்பவே நான் படிக்க மாட்டேன். எல்லாம் முடிஞ்ச பிறகு மொத்தமா வாங்கிக்கிடுதேன்" என்றார். நான் வீட்டுக் கணக்கைச் சுத்தமாக எழுதுகிறவள் என்று, முதல் தடவை விவரம் சொல்லப் போனபோது என் வீட்டுக்காரர் அங்கே பெருமையடித்ததால் வந்த வேலை இது. நான் பள்ளிக்கூடம் போகாதவள், பலசரக்கு மடித்து வரும் காகிதத்தையும் கோயில் சுவரில் வெட்டியிருக்கும் பதிகங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தே எழுதக் கற்றவள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. (இது நினைத்தது. இனி எழுதமாட்டேன்.)

பார்த்தது: வடிவு எழுந்தாள். பல் தேய்த்தாள். தோசை தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினாள். பேசவில்லை. ஆனி மாதக் கடைசியிலிருந்து பேசவில்லை.

ஆவணி 4, புதன்

அதே ஆட்கள்தான். பால் கொண்டுவந்தது மட்டும் பால்காரரின் தம்பி.

பேசாத பிள்ளையை வகுப்பில் வைத்துக்கொள்ள முடியாது என்று வடிவைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் அல்லவா, இன்று பெரிய டீச்சர் ஆள் அனுப்பினார். காலாண்டு லீவு முடிந்து திறக்கும்போது அவள் வாய் திறந்து பேசினால் ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்களாம். மதுரைப் பக்கம் வாய் பேசாத பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறதாம், அங்கே விட்டுவிட வேண்டுமாம். முழுப்பரீட்சை லீவுக்கு வீட்டுக்கு வரலாமாம்.

மதினி: "நல்ல காரியந்தான. அங்க கைச்சாடை சொல்லிக் குடுப்பாவளாம்."

வீட்டுக்காரர்: "எக்கா, எம்பிள்ள ஊமையா? போன ஆனி வரைக்கும் இந்த வீட்டுல பேசுததுக்கு எனக்கே முறை கிடைக்காது. அவளும் அவ அம்மையும் பேசி முடிச்ச மிச்சந்தான் எனக்கு."

மதினி: "அப்பம் எவ கண்ணு பட்டுதோ."

நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்ததையே எடுத்து மறுபடி கழுவினேன். ஆறு வயதுப் பிள்ளை மதுரையில் யாரிடம் தண்ணீர் கேட்கும்? (நினைத்தது. ஆனால் கோடு போட்டு அடிக்க மனம் வரவில்லை.)

ஆவணி 6, வெள்ளி

காலையில் காந்திமதி அம்மனுக்கு விளக்கு ஏற்றிவிட்டு, மத்தியானம் பஸ் ஏறினோம். நானும் வடிவும். ஆற்றுப் பாலம் தாண்டினதும் கண்டக்டர் என்னைப் பார்த்து, "பொம்மை டாக்டர் வீடு வந்திட்டு, எறங்குங்க" என்று சத்தம் போட்டார். டிக்கெட் எடுக்கும்போது நான் ஊர்ப் பெயரைத்தான் சொன்னேன். பிள்ளையோடு போகிறவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது போல.

அவர் பெயர் எஸ்தர் ஞானாதிக்கம். கப்பலில் சீமைக்குப் போய், பிள்ளைகள் மனசைப் பற்றி எட்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர். நம் பக்கத்தில் இந்த வைத்தியத்துக்கு இவர்தான் முதல் ஆள். பழைய பங்களாவின் பின்னால் குதிரைவண்டி நிறுத்திய கொட்டகைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார். இன்றுதான் அதற்குள் போனோம். உள்ளே ஒரு தொட்டி நிறைய ஆற்று மணல். ஒரு சட்டியில் தண்ணீர். களிமண். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள், கடைசல் பிடித்த மரப்பொம்மைகள். ஊசி இல்லை, மருந்து வாசனைகூட இல்லை.

"மருந்தே கிடையாதா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"நம்ம மனசுல இருக்கறத நாம வாயால சொல்லுதோம். பிள்ளைக மணல்ல சொல்லும், பொம்மையில சொல்லும். விளையாட்டுதான் அதுகளுக்குப் பேச்சு. நமக்கு அந்தப் பாஷை மறந்துபோச்சு, அவ்வளவுதான். அதைத்தான் நான் கப்பல் ஏறிப்போய்த் திரும்பப் படிச்சேன்."

கொண்டுபோன திருநீற்றைக் கதவில் பூசட்டுமா என்று கேட்டேன். அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், கோபிப்பாரோ என்று பயம். "தாராளமா. மணல்ல மட்டும் சிந்தாதீங்க, பெறவு சலிக்கணும்" என்றார்.

வடிவு பொம்மைகளை வரிசையாக நிறுத்தினாள். திரும்பப் படுக்க வைத்தாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பஸ் ஏறிப் போனது இதற்கா என்று பட்டது. (நினைத்தது.)

ஆவணி 9, திங்கள்

இருந்தவர்கள்: நால்வரும்.

வீட்டுக்காரர் காபிக்குக் கருப்பட்டி கேட்டார். கொடுக்கவில்லை. ஆனியில் கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் சேலையின் மேலேயே மயங்கி விழுந்தார். சர்க்கரை வியாதி என்று ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி நின்ற எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். வாயைக் கட்டினால் நூறு வயசு இருப்பார், கட்டாவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்றார்கள். அன்றைக்கே நான் அம்மன் மேல் ஆணையாகச் சொல்லிவிட்டேன்: இவருக்காக இந்த வீட்டில் எல்லாருமே வாயைக் கட்ட வேண்டும் என்று. அன்றிலிருந்து பண்டிகைக்குக்கூட இனிப்பு கிடையாது.

"ஒரு பொட்டுக் கருப்பட்டி, ஏளா. நாக்குல தடவினா போதும்."

"உங்களால ஒரு வாயைக் கட்ட முடியாதா? இத்தனூண்டு பிள்ள இருக்கு, அத நெனச்சிப் பாருங்க."

இத்தனூண்டு பிள்ளை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி 13, வெள்ளி

இன்று என்னையும் கொட்டகைக்குள் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கண்டிப்பு. எனக்கு அது சிரமம்.

வடிவு தன் தலையிலிருந்த கதம்பத்தைப் பிரித்தாள். வாழைநாரை உருவி எடுத்தாள். அம்மா பொம்மைக்கு வாயைச் சுற்றிக் கட்டினாள். பிள்ளைப் பொம்மைக்கு இன்னும் இறுக்கிக் கட்டினாள். அப்பா பொம்மைக்குத் தலை உருண்டை, நார் வழுக்கி வழுக்கிக் கழுத்துக்கு இறங்கியது. மறுபடி கட்டினாள். மறுபடி இறங்கியது. பிள்ளை கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. எனக்கு எழுந்து ஓடிப்போய் நானே கட்டிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது.

டாக்டரம்மா தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஒன்றே ஒன்று சொன்னார்: "அப்பாவுக்குத்தான் கட்டு நிக்க மாட்டேங்குது."

வடிவு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல யாராவது அவளைப் பேசக்கூடாதுன்னு மிரட்டினாங்களா? எதையாவது பார்த்துட்டு வெளியே சொல்லாதேன்னு..." என்று கேட்டார்.

"எங்க வீட்டுல பிள்ளமேல யாரும் கை நீட்டமாட்டோம். எங்க வீடு அப்படிப்பட்ட வீடு இல்ல" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன். பஸ்ஸில்தான் தெரிந்தது.

ஆவணி 16, திங்கள்

இனிப் போவதில்லை என்று இருக்கிறேன்.

வீட்டுக்காரர் சட்டைப் பையில் பெரிய எண்ணெய்க் கறை. கேட்டேன். கடையில் வண்டிக்கு மசகு போட்டதாகச் சொன்னார். ஜவுளிக்கடையில் என்ன வண்டி என்று நான் கேட்கவில்லை. நெய் வாசனை வந்தது. (முகர்ந்தது. பார்த்தது இல்லை.)

ஆவணி 19, வியாழன்

மதினி: "போகலேன்னா பெறவு என்ன செய்வ? மதுரைக்கு டிரங்குப்பெட்டி வாங்கவா?"

செருப்பு வேறு அங்கே இருக்கிறது. போகலாம்.

ஆவணி 20, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இருந்தவர்கள்: நானும் டாக்டரம்மாவும் பங்களா வராந்தாவில். வடிவு கொட்டகையில் மணலோடு. செருப்பைத் துடைத்து வாசலிலேயே வைத்திருந்தார். "போன வாரம் நான் கேட்டது உங்களுக்கு வருத்தமா இருந்திருக்கும். இந்த வேலையில கேக்காம இருக்க முடியாது" என்று சொல்லி, காபியும் பன்னும் கொண்டுவந்து வைத்தார்.

"காபி வேண்டாம் டாக்டரம்மா."

"எங்க வீட்டுல குடிக்கக் கூடாதா?"

"ஐயோ, அப்படி இல்ல. சர்க்கரை போட்டிருக்கு. எங்க வீட்டுல எல்லாரும் வாயைக் கட்டியிருக்கோம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னேன். இவர் மயங்கி விழுந்ததையும் சொன்னேன்.

"வாயைக் கட்டலேன்னா அப்பா தங்கமாட்டாருன்னு சொன்னப்போ வடிவு எங்க இருந்தா?"

"கட்டில் கம்பியப் பிடிச்சிட்டு நின்னா..."

சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். "நானும் இந்த ஊர்க்காரிதான? எட்டு வருஷம் படிச்சேனே! அந்த நாரைப் பார்த்ததுலருந்து என்னவெல்லாமோ யோசிச்சுப் பயந்துபோய் இருந்தேன். பிள்ள பெரியவங்க சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு."

எல்லாரும் வாயைக் கட்டணும் என்று வீட்டில் சொன்னது யார் என்று கேட்டார். வீடு என்றால் யாராவது ஏதாவது சொல்வார்கள், அதெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றேன்.

உடனே கொட்டகைக்கு எழுந்தேன். "அடி கிறுக்கி, அது சாப்பாட்டுக்குச் சொல்லுதது, பேச்சுக்கு இல்லன்னு இப்பவே சொல்லிருதேன்."

கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அவ அப்பா உயிரைத் தன் வாயில வச்சுக் காப்பாத்திட்டு இருக்கா. வேற யாரும் பிடிக்கலை, அவ ஒருத்திதான் பிடிச்சிட்டிருக்கா. கிறுக்கின்னு ஒரு வார்த்தையில தட்டிவிட்டீங்கன்னா, அவ்வளவும் வீணாப் போனதா ஆயிரும். அதுவுமில்லாம அவ பயம் பொய்யில்லையே? அப்பாவுக்கு வியாதி இருக்கறது நிசம். அதை அவகிட்ட யாராவது உட்கார்ந்து சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. பிள்ளையிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

அப்போது தன் கதை ஒன்று சொன்னார். அவர் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். இவருக்கு அஞ்சு வயதாக இருக்கும்போது தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று இவரிடம் சொல்லிவிட்டார்கள். "வர்ற ரயிலுக்கெல்லாம் ஜன்னல்ல போய் நிப்பேன். ரொம்ப நாள் நின்னேன். ஒருத்தரும் உண்மையைச் சொல்லலை, ஏன் நிக்கிறேன்னும் கேக்கலை. இந்தப் படிப்பை நான் அந்த ஜன்னல்லதான் ஆரம்பிச்சேன்னு வச்சுக்கோங்க."

பிறகு காபியைச் சர்க்கரை இல்லாமல் போட்டுக்கொண்டு வந்தார். குடித்தேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமை அவ அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆவணி 21, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதல் பாதியில் எகிறினார். "கடையில முதலாளிகிட்ட என்ன சொல்லி லீவு கேக்க? சொப்பு வச்சு விளையாடப் போறேன்னா?" மீதியையும் சொன்னேன். நார், உருண்டைத் தலை, கட்டில் கம்பி எல்லாம்.

"எனக்காகவா?" என்றார். அதற்குமேல் அன்று பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஆவணி 27, வெள்ளி

இருந்தவர்கள்: டாக்டரம்மா. வடிவு. வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக்கொண்டு தரையில். நான் முக்காலியில்.

டாக்டரம்மா முன்னாலேயே எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார்: அவள் பேசினால் ஆகா ஓகோ என்று கத்தக்கூடாது, தூக்கிக் கொஞ்சக்கூடாது. பேசினது பெரிதில்லை, என்ன சொல்கிறாள் என்பதுதான் பெரிது.

வடிவு நாரை எடுத்தாள். அப்பா பொம்மைக்குக் கட்டினாள். வழுக்கியது.

"இன்னைக்கு அப்பாவே வந்திருக்காங்க. அவங்க என்ன சொல்லுதாங்கன்னு கேக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். கடையில் எந்தச் சேலையையும் தலையில் கட்டிவிடும் மனுஷர், பிள்ளை முன்னால் தடுமாறினார். "ஏட்டி வடிவு. எனக்கு ஒரு வியாதி வந்திருக்கு. அதுக்குப் பேரே சர்க்கரை. இனிப்பு தின்னா ஏறும். பேசினா ஏறாது. நீ பேசினாலும் ஏறாது, அம்மா பேசினாக்கூட ஏறாது. திங்கிற வாயத்தான் கட்டச் சொன்னாவ. என் வாயக் கட்டுதது என் சோலி, உன் சோலி இல்ல. நானும் அன்னையிலருந்து கட்டித்தான வச்சிருக்கேன்."

வடிவின் உதடு பிரிந்தது.

"பொய்."

கரகரவென்று வந்தது. பிறகு மடை திறந்த மாதிரி: "பொய் சொல்லுதாவ. அப்பா அல்வா திங்காவ. தெருமுக்குல நின்னு திங்காவ. நான் வாசல்ல நின்னு பாத்தேன். இப்பமும் பையில வச்சிருக்காவ!"

நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அம்மா காந்திமதி, அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.

வீட்டுக்காரர் பைக்குள் கையை விட்டு ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தார். நெய் ஊறியிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தார், தோள் குலுங்கியது. வடிவு பொட்டலத்தை வாங்கினாள். தொட்டியில் குழி தோண்டினாள். அல்வாவை உள்ளே வைத்து, மணலைப் போட்டு மூடி, கையால் தட்டித் தட்டிச் சமமாக்கினாள்.

"இனித் திம்பியளா?"

"திங்க மாட்டேன் தாயி."

"நான் பேசினாலும் சாக மாட்டியளா?"

அவர் மணல் ஒட்டியிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மாதான் சொன்னார்: "நீ பேசறதால சாக மாட்டாங்க. அவங்களுக்கு வியாதி இருக்கு, மருந்தும் இருக்கு. பயமா இருந்தா அவங்ககிட்டயே கேக்கலாம். எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கலாம்."

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர், "எம்மவ வாயத் தொறந்ததே என்னக் காட்டிக்குடுக்கத்தான்" என்று கண்டக்டரிடம் சொன்னார். சொல்லும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். வடிவு ஜன்னலில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள், சத்தமாக.

ஆவணி 29, ஞாயிறு

எழுத நேரமில்லை. பேசுகிறாள்.

ஆவணி 31, செவ்வாய்

மதினி ஊருக்குக் கிளம்பினார். "ஏட்டி, மூச்சு விட்டுட்டுப் பேசு, அத்தைக்குக் காது வலிக்கி" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸை விட்டுவிட்டார்.

புரட்டாசி 10, வெள்ளி

பெரிய டீச்சரிடமிருந்து மறுபடி ஆள். பிள்ளை பேசுகிறது என்று வாயால் சொன்னால் போதாதாம். வியாதி குணமாகிவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட் வேண்டுமாம். இல்லாவிட்டால் பெயரை அடிப்பது அடிப்பதுதானாம்.

டாக்டரம்மா எழுத மாட்டேன் என்றுவிட்டார். "இல்லாத வியாதி குணமாச்சுன்னு எப்படி எழுத? எழுதினா அந்தப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்க ஒரு வியாதியை நானே குடுத்ததா ஆகும்."

"அப்ப நடந்ததையாவது எழுதித் தாங்களேன்."

"இந்த அறையில நடந்தது வடிவுக்குச் சொந்தம் உலகம்மா. அவ சொல்லணும்னா சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துல இருந்து யார் வேணும்னாலும் என்கிட்ட வரட்டும், இவளுக்கு ஒரு நோயும் இல்லைன்னு எத்தனை பேர்கிட்டயும் நான் சொல்லுதேன்."

வீட்டுக்காரருக்கு மகா கோபம். "ஒரு வரி எழுதினா கை தேஞ்சிருமா அந்தம்மாவுக்கு?" நானும் பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்தேன். வீட்டு வாசல் ஏறும்போது அப்படி நினைக்கவில்லை. எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை. பாலத்துக்குப் பிறகு இருக்கலாம்.

புரட்டாசி 16, வியாழன்

இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், வடிவு.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு நானே உட்கார்ந்து எழுதினேன். எழுதலாமா என்று வடிவிடம் கேட்டேன். "அல்வா மட்டும் எழுதாத, அப்பாவுக்கு வெக்கமா இருக்கும்" என்றாள். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், சரி என்றாள். இதுதான் அதன் நகல்:

பெரிய டீச்சர் அவர்களுக்கு, ஒன்றாம் வகுப்பு வடிவின் தாயார் உலகம்மாள் எழுதுவது. சர்டிபிகேட் இல்லை. பிள்ளைக்கு வியாதி இருக்கவில்லை என்பதால் டாக்டரம்மா தரவில்லை, அவர் செய்தது சரி என்று நானும் நினைக்கிறேன். அவரை நேரில் கேட்டால் சொல்வார். வடிவு ஏன் பேசாமல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது அவளுடைய சமாசாரம். ஒருவர் மேல் வைத்த பிரியத்தினால் என்று மட்டும் எழுத அவள் சம்மதித்தாள். இப்போது பேசுகிறாள். நீங்களே கூப்பிட்டு ஏதாவது கேட்டுப் பார்க்கலாம். பதில் சொன்னால் பெயரை அடிக்காதீர்கள். சொல்லாவிட்டாலும் அடிக்காதீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏதாவது முக்கியமான வேலையாக இருப்பாள். இதைக் கொண்டு வருகிறவர் அவள் தகப்பனார், வாசலில் நிற்பார். திங்கட்கிழமை பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லி அனுப்புங்கள்.